தசரதன் எர்லாங் படித்த மூன்று மாதம்

நாற்பத்தாறு வயதில் மனிதர்களுக்கு என்னென்னவோ வருகிறது. சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்குப் பக்தி வருகிறது. பிள்ளைப்பாக்கம் தசரதனுக்குப் புதிதாக ஒரு மொழி வந்து சேர்ந்தது. பேசுகிற மொழியாக இருந்தாலாவது போகிற இடத்தில் தண்ணீர் கேட்க உதவும். இது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற மொழி, பேர் எர்லாங். 2004ஆம் வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் டென்மார்க் தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவாக வந்தது.

தசரதன் வேலை பார்த்த கம்பெனி, ஸ்ரீபெரும்புதூரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான கார்டுகளைச் செய்தது. கார்டு என்றால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பலகை. அதன் மேல் முந்நூறு சின்னச் சின்னச் சாமான்கள் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். கடைசியில் அது டெஸ்ட் ஹாலுக்கு வரும். அங்கே பதினான்கு மேஜைகள், மேஜைக்கு ஒரு பெண். அவள் கார்டை மேஜையில் உள்ள பள்ளத்தில் வைத்து மூடியை மூடினால், கீழேயிருந்து ஊசி ஊசியான பின்கள் கார்டைத் தொடும். நாற்பது செகண்டு ஓடும். நல்ல கார்டு என்றால் பச்சை விளக்கு, கெட்டது என்றால் சிவப்பு. அந்தப் பச்சையா சிவப்பா என்று முடிவு சொல்கிற ப்ரோகிராம் தசரதன் எழுதியது. கம்பெனி தொடங்கின 1998லிருந்து அவர் ஒருவரே எழுதி, அவர் ஒருவரே ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் கிண்டியில் பன்னிரண்டு வருஷம் ப்ரோகிராம் எழுதியவர். கோபோல் எழுதினார், சி எழுதினார், விஷுவல் பேசிக் எழுதினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டு மூன்றாவது வாரம் வேலையைத் தொடங்கிவிடுவார். டிப்ளமோக்காரர்தான், ஆனாலும் இன்ஜினியர் பையன்கள் அவரிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

உத்தரவு இதுதான்: மார்ச் முப்பத்தொன்றுக்குள் பதினான்கு மேஜைகளும் எர்லாங்குக்கு மாற வேண்டும். டெஸ்ட் மேனேஜர் ஜெபகுமார் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். மண்ணூர்க்காரர், தசரதனைவிட ஆறு வயது இளையவர்.

"முடிச்சிட்டீங்கன்னா ப்ரச்னையே இல்ல தசரதன். முடியலன்னா பெங்களூர்ல ஒரு டீம் ரெடியா கீது, அவுங்க கைல போயிடும். உங்களுக்கு ஸ்டோர்ஸ்ல ஒரு சீட் பாத்து வெச்சிருக்கேன். கவலப்படாதீங்க."

அந்தக் 'கவலப்படாதீங்க'தான் தசரதனுக்கு வலித்தது. ஸ்டோர்ஸ் என்பது பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிற கொட்டகை. அங்கே ஸ்க்ரூ எண்ணி அட்டைப்பெட்டியில் போடுவார்கள். இதற்கு முன் அங்கே அனுப்பப்பட்ட இரண்டு பேரும் வாயைத் திறந்து பேசியே வருஷக்கணக்காகிறது. "செஞ்சிடலாம் சார்" என்றார் தசரதன். இரண்டு வாரம் போதும் என்றுதான் நினைத்தார்.

இரண்டு வாரம் கழித்து அவர் பக்கம் முப்பதில் இருந்தார்.

எர்லாங் கையேடு இருநூறு பக்கம். ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து, துளை போட்டு, பச்சைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் போகாமல் டிபன் பாக்ஸை ஒரு பக்கமும் கயிற்றுக்கட்டை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு படிப்பார். படித்தது எதுவும் உள்ளே இறங்கவில்லை. புரியாத புத்தகம் என்றால் மூடி வைத்துவிடலாம். இது ஒவ்வொரு வாக்கியமும் புரிகிற புத்தகம், புரிந்ததும் கோபம் வருகிற புத்தகம்.

பதினெட்டு வருஷமாக அவர் கை எழுதிப் பழகியது ஒன்று: எக்ஸ் என்று ஒரு டப்பா. அதில் ஐந்தைப் போடு, பிறகு ஐந்தை எடுத்துவிட்டு ஆறைப் போடு. எண்ணுவது, கூட்டுவது, திரும்பத் திரும்பச் செய்வது எல்லாமே அந்த ஒரு வித்தைதான். எர்லாங்கில் அது கிடையாது. எக்ஸ் ஐந்து என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் எக்ஸ் கடைசிவரை ஐந்துதான். ஆறு என்று எழுதினால் பொருந்தவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு நின்றுவிடும். இதைச் செய், பத்துத் தடவை செய் என்று சொல்கிற வழியும் இல்லை. ஒரு வேலை தன்னைத் தானே திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் வேண்டியதை எல்லாம் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

வலது கையைக் கட்டிவிட்டு இடது கையால் சாப்பிடு என்பதுபோல இருந்தது அவருக்கு. ஒன்றும் தெரியாதவன் என்றால் சொன்னபடி கற்றுக்கொண்டு போய்விடுவான். தசரதன் ஒவ்வொரு வரியையும் முதலில் பழைய மொழியில் மனசுக்குள் எழுதி, பிறகு அதைப் புதிய மொழிக்குள் திணித்துப் பார்த்தார். திணித்தது நிற்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டால் களைப்பு கழுத்திலிருந்து இடுப்புவரை இறங்கும். வேலை செய்த களைப்பு என்றால் தூங்கினால் போய்விடும். இது வேலை தெரியாத களைப்பு, அவருக்குப் பழக்கமில்லாதது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கயிற்றுக்கட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கனகம் எதிரே முறத்தில் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை அவளுக்கு. வாரம் பூராவும் இருநூறு பிள்ளைகளுக்குப் பொறுக்கிவிட்டு ஞாயிறன்று இரண்டு பேருக்குப் பொறுக்குவாள்.

"இன்னாங்க, ரெண்டு மணி நேரமா ஒரே பக்கத்தப் பாத்துக்கினு கீறீங்க?"

"ஒரு எக்ஸுக்கு அஞ்சுன்னு சொல்லிட்டா அவ்ளோதானாம். அப்புறம் ஆறுன்னு மாத்த முடியாதாம். இன்னா மொழி இது? எவன் கண்டுபுடிச்சான்?"

கனகம் ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தாள். "அப்ப ஆறுக்கு வேற பேரு வெச்சிக்க வேண்டியதுதானே?"

தசரதன் கையேட்டின் மேல் குனிந்தார். பக்கம் முப்பத்தெட்டில் அதையேதான் போட்டிருந்தது. நாலு நாள் முட்டி மோதி அங்கே வந்து சேர்ந்திருந்தார். அதை அவளிடம் சொல்கிற தெம்பு இல்லை.

பிப்ரவரி முதல் வாரம் அவருக்கு ஒரு சந்து கிடைத்தது. பக்கம் நூற்றுப்பத்தில், அதிகம் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு, ஒரு வசதி போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் டப்பா வைத்துக்கொள்ளலாம், அதில் போடலாம், எடுக்கலாம், மேலேயே மாற்றி எழுதலாம். தசரதனுக்கு உயிர் வந்தது. எச்சரிக்கையை யார் படித்தார்கள்? பழைய ப்ரோகிராமை அப்படியே டப்பா டப்பாவாகத் தூக்கி வந்து அந்த மூலையில் இறக்கினார். எங்கே இடறினாலும் ப்ரோகிராம் நிற்காமல் ஓடும்படி, பழைய பழக்கப்படி, ஒவ்வொரு சோதனைக்குக் கீழேயும் ஒரு வலை கட்டினார். விழுந்ததை வலை பிடித்துக்கொள்ளும், அடுத்த சோதனை ஓடும். லைனை நிறுத்தாதே என்பது அவருக்குத் தொழிற்சாலை சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

மூன்று வாரத்தில் பதினான்கு மேஜைகளுக்கும் எழுதி முடித்தார். ஜெபகுமார் வந்து பார்த்துவிட்டு, "சூப்பர் தசரதன். நா அப்பவே சொன்னேன்ல?" என்றார். என்ன சொன்னார் என்று தசரதனுக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு அவர் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டார், இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினார்.

மார்ச் முதல் திங்கட்கிழமை புதிய ப்ரோகிராம் மூன்று மேஜைகளில் ஓடத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் ஆறாம் நம்பர் மேஜைப் பெண் அவருடைய கேபின் வாசலில் வந்து நின்றாள். இசக்கிசெல்வி என்று பேர். நாங்குநேரிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் எட்டுப் பெண்கள் சேர்ந்து எடுத்த அறையில் இருப்பவள், கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் பெண்கள் ஆபீஸ் பக்கம் வரும் வழக்கம் இல்லை. ஏதாவது திட்டு வாங்கத்தான் வருவார்கள்.

"சார், ஒரு விஷயம் சொல்லுதேன், கோவிச்சுக்கிடக்கூடாது."

"இன்னாம்மா?"

"மேஜையத் தொடைச்சேன் சார். தொடைச்சிட்டு மூடிய மூடுனேன். உள்ள கார்டே வைக்கல. பச்ச லைட்டு எரியுது சார்."

தசரதன் அவளைப் பார்த்தார். "கார்டு இல்லாமயா?"

"ஆமா சார். சந்தேகத்துக்கு மூணு தடவ மூடிப் பாத்தேன். மூணு தடவயும் பாஸ்னு வருது. சூப்பர்வைசர்ட்ட சொல்லல சார். மொதல்ல ஒங்ககிட்ட சொல்லுவோம்னு வந்தேன்."

சொல்லும்போது அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே கன்றிப்போய் நீலமாக இருந்தது. தசரதன் அதைப் பார்த்தார், அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அவர் மனசு கார்டில்லாத மேஜையில் இருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று கேபினைவிட்டு எழுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. கார்டு இல்லாததால் எல்லாச் சோதனையும் இடறி விழுந்திருக்கிறது. விழுந்ததையெல்லாம் அவர் கட்டிய வலை சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டது. டப்பாவில் யாரும் புதிதாக எதுவும் எழுதவில்லை. முந்தின கார்டின் 'பாஸ்' அதில் அப்படியே கிடந்தது. கடைசியில் ப்ரோகிராம் டப்பாவைத் திறந்து, அதில் இருந்ததைப் பார்த்து, காற்றுக்குப் பச்சை விளக்கு போட்டுவிட்டது.

கத்துக்குட்டி செய்கிற தப்பில்லை இது. பதினெட்டு வருஷ அனுபவம் இருந்தால்தான் இவ்வளவு ஒழுங்காக இந்தத் தப்பைச் செய்ய முடியும். தசரதனுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அசதி அதிகமாக இருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது நாள் இருந்தது. மூன்று வார வேலையை முழுக்க அழித்தார். பழைய ப்ரோகிராமையே அந்த மூன்று மேஜைகளிலும் திரும்பப் போட்டுவிட்டு, ஜெபகுமாரிடம் சின்னக் கோளாறு என்று சொன்னார். ஜெபகுமார் காலண்டரைப் பார்த்தார்.

இந்தத் தடவை கையேட்டை முதல் பக்கத்திலிருந்து, ஒன்றும் தெரியாதவர்போலப் படித்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு தெம்பு மிச்சமில்லாததால் சொன்னபடி கேட்டார். டப்பா வேண்டாம் என்றார்கள், வைக்கவில்லை. வலை கட்டாதே, விழுகிறது விழட்டும் என்று எழுதியிருந்தார்கள். முதல் தடவை படித்தபோது இதற்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தார். விழுந்ததைத் தூக்கி நிறுத்த மேலே இன்னொரு ப்ரோகிராம் இருக்கும். அதற்கு அந்த மொழியில் பேரே சூப்பர்வைசர்தான். நம் லைன் சூப்பர்வைசரைப்போல அது கத்தாது. விழுந்துவிட்டது என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு, புதிதாக ஒன்றை எழுப்பிவிட்டு, தன் வேலையைப் பார்க்கும்.

ஒவ்வொரு சோதனையும் இதுவரை வந்த முடிவுகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு, தன் முடிவை அதன் தலையில் சேர்த்து, அடுத்ததிடம் கொடுத்தது. அவ்வளவுதான் ப்ரோகிராம். பழையது நாலாயிரம் வரி, இது அறுநூறு. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நெரிசலான பஸ்ஸில் மணிக்கணக்காக நின்றுவிட்டு உட்கார இடம் கிடைத்தாற்போல இருந்தது. மார்ச் பதினெட்டாம் தேதி பதினான்கு மேஜைகளிலும் ஏற்றினார். முதல் வேலையாக ஆறாம் நம்பரில் கார்டு வைக்காமல் மூடியை மூடினார். சிவப்பு எரிந்தது. பக்கத்தில் நின்ற இசக்கிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்ததும் பிரிண்டரில் வந்த கணக்கைப் பார்த்துத் தசரதன் மறுபடி ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தார். சில கார்டுகளுக்கு ஒரு முடிவுக்குப் பதில் மூன்று முடிவுகள் இருந்தன. ஃபெயில், ஃபெயில், பாஸ். அடுத்தது ஃபெயில், பாஸ். அதற்கடுத்தது மறுபடி ஃபெயில், ஃபெயில், பாஸ்.

அது தப்பில்லை. டெஸ்ட் ஹாலில் ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. கார்டு ஃபெயில் ஆனால் எடுத்துவிட்டு மறுபடி வைப்பார்கள், மூன்று தடவைவரை. மூன்றில் ஒரு தடவை பச்சை எரிந்தால் கார்டு பாஸ். 2000ஆம் வருஷம் அப்போதிருந்த மேனேஜர், "கடைசியா வர்றத மட்டும் எழுது தசரதன், மத்தத அழிச்சிடு, போர்டுல நம்பர் அசிங்கமா வருது" என்றார். தசரதன் பத்து நிமிஷத்தில் ஒரு வரி எழுதிச் சேர்த்தார். புது முடிவைப் பழைய முடிவின் மேல் எழுதுகிற வரி. எழுதினதையே மறந்துபோனார். எர்லாங்கில் அழிப்பதற்கென்று தனியாக யோசித்து எழுதினால்தான் அழியும். அவர் யோசிக்கவில்லை, அதனால் எல்லாம் தங்கிவிட்டது.

ஹால் வாசலில் தொங்குகிற போர்டில் அதுவரை பாஸ் தொண்ணூற்றேழு சதவீதம் என்று இருக்கும். முதல் தடவையிலேயே பாஸான கார்டுகளை மட்டும் எண்ணினால் தொண்ணூற்றிரண்டு வந்தது. எந்த மேஜை என்று பிரித்துப் பார்த்தார். பதின்மூன்று மேஜைகள் ஒழுங்கு. ஆறாம் நம்பர் மேஜையில் பாதிக்கு மேல் ஃபெயில், ஃபெயில், பாஸ்.

தசரதன் எழுந்துபோய் ஆறாம் நம்பர் பக்கத்தில் நின்று பார்த்தார். இசக்கிசெல்வி கார்டை வைத்தாள், மூடினாள், சிவப்பு. மறுபடி வைத்தாள், சிவப்பு. மூன்றாம் தடவை மூடியின் மேல் வலது உள்ளங்கையை ஊன்றி, எழுந்து நின்று, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினாள். நாற்பது செகண்டும் அப்படியே நின்றாள். பச்சை.

"எப்பவுமே இப்படித்தானா?"

"ஆமா சார். இந்த மேஜ அப்படித்தான். அமுக்குனாத்தான் வரும்."

பின்கள் தேய்ந்திருந்தன. கார்டைத் தொட வேண்டிய ஊசிகள் பாதி தொடவில்லை. அமுக்கினால் தொட்டன. அமுக்குகிற அமுக்கில் கார்டு வளைந்து, ஈயம் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டது. அந்தக் கார்டு இங்கே பாஸாகிவிடும், இரண்டு மாதம் கழித்து எங்கோ ஒரு எக்ஸ்சேஞ்சில் படுத்துவிடும். திரும்பி வரும். வந்ததும் யார் டெஸ்ட் செய்தது என்று பார்ப்பார்கள். தசரதன்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். ஆறாம் நம்பர் பெண்ணின் நம்பர் இருக்கும், ஒரே தடவையில் பாஸ் என்றும் இருக்கும். மேஜை சுத்தம், கார்டு சுத்தம். அப்படியென்றால் கெடுத்தது அவள் கை. இரண்டு வருஷத்தில் ஆறாம் நம்பரில் உட்கார்ந்த இரண்டு பெண்களைக் 'கையாளத் தெரியவில்லை' என்று எழுதி வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிரிண்டை அடித்துக் கொடுத்த கை தன்னுடையது என்று நினைத்ததும் தசரதனுக்கு அங்கே நிற்க முடியவில்லை. கேபினுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது முன்பு அனுப்பின சரக்கிலிருந்து ஆறாம் நம்பரின் பதினோரு கார்டுகள் திரும்பி வந்து ஜெபகுமார் மேஜையில் இருந்தன. மூன்றாவது பெண்ணான இசக்கிசெல்வியின் முறை அது.

செவ்வாய்க்கிழமை தசரதன் பிரிண்டை எடுத்துக்கொண்டு ஜெபகுமாரிடம் போனார். ஜெபகுமார் நிதானமாகப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். போர்டில் நம்பர் இறங்கினால் மேலேயிருந்து முதல் அடி அவருக்குத்தான்.

"பின்னுங்கள மாத்திடலாம். எழுதிக் குடுங்க, ஏப்ரல்ல பாக்கலாம். ஆனா இந்தத் தொண்ணூத்திரெண்டு வெளிய போகக்கூடாது தசரதன். கடைசி ரிசல்ட் மட்டும் வர்ற மாதிரி மாத்திடுங்க. பழைய மாதிரி."

"அப்ப அந்தப் பதினொரு கார்டு சார்?"

"அது வேற விஷயம். அத நா பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று தசரதனுக்குத் தெரியும். மாற்றுவது சுலபம். புது முடிவு எப்போதும் பட்டியலின் தலையில்தான் இருக்கிறது. தலையை மட்டும் எடு என்று ஒரு வரி எழுதினால் போதும், பத்து நிமிஷம்கூட வேண்டாம். மாற்றினால் முப்பத்தொன்றாம் தேதி ஜெபகுமார் கையெழுத்துப் போடுவார், நாற்காலி மிஞ்சும். மாட்டேன் என்றால் பெங்களூர் டீம் வந்து அந்த ஒரு வரியை எழுதிக்கொள்ளும், தசரதன் ஸ்க்ரூ எண்ணப் போவார். எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"மாத்த முடியாது சார்" என்றார்.

"இன்னாது?"

"இந்த மொழில ஒரு தடவ வெச்சத அப்புறம் மாத்த முடியாது சார். மொழியே அப்படி. நானே ரெண்டு மாசமா இதோட மல்லுக்கட்டிக்கினு இருக்கேன், உங்களுக்கே தெரியும்."

ஜெபகுமார் அவரை உற்றுப் பார்த்தார். தசரதன் இரண்டு மாதமாகக் கேன்டீனிலும் காரிடாரிலும் இதைச் சொல்லித்தான் புலம்பிக்கொண்டிருந்தார். யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். ஆனாலும் ஜெபகுமார் சும்மா மேனேஜராகவில்லை. "சரி, வெள்ளிக்கெழம டென்மார்க் கால் கீது. ஹென்ரிக்க கேட்டுடுவோம்" என்றார்.

ஹென்ரிக் என்பவர்தான் இந்த மாற்றத்துக்கு அங்கே பொறுப்பு. தசரதன் அவரைப் பார்த்ததில்லை. எர்லாங்கிலேயே பத்து வருஷம் ஊறினவர் என்று கேள்வி. மூன்று நாளும் தசரதனுக்குச் சோறு இறங்கவில்லை. கனகம் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். ஒரு குழந்தைகூட நம்பாத பொய்யை, அந்த மொழியைக் கரைத்துக் குடித்தவனிடம் சொல்ல வேண்டும். புதன்கிழமை அந்த ஒரு வரியை எழுதியும் பார்த்தார். ஓடியது. அழித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. கண்ணாடி அறையில் ஏசி இருந்தும் தசரதனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன். ஹென்ரிக் மெதுவாக, வார்த்தைகளை எண்ணி வைக்கிறாற்போல இங்கிலீஷ் பேசினார். பதினான்கு மேஜைகளும் ஓடுவதைக் கேட்டுப் பாராட்டினார். கடைசியில் ஜெபகுமார் கேட்டார்.

"ஹென்ரிக், ஒரு சின்ன விஷயம். எங்க ப்ரோகிராமர் சொல்றார், ஒரு தடவை வைத்த ரிசல்ட்டை இந்த மொழியில் அப்புறம் மாற்றவே முடியாதாம். உண்மைதானா?"

போனில் எங்கோ தூரத்தில் யாரோ கோப்பையை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எந்த ரிசல்ட்டை மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்?" என்றார் ஹென்ரிக்.

ஜெபகுமார் தசரதனைப் பார்த்தார். தசரதன் போனுக்குக் கிட்டே குனிந்தார். அவருடைய இங்கிலீஷ் உடைந்த இங்கிலீஷ், இப்போது குரலும் சேர்ந்து உடைந்தது.

"நான் கேட்கவில்லை. முதல் ரிசல்ட்டை. முதல் இரண்டு ஃபெயிலை. ஆறாம் நம்பர் மேஜையில், பின்கள் தேய்ந்திருக்கின்றன."

தசரதன் மனசுக்குள் ஸ்டோர்ஸ் கொட்டகையின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கள் ப்ரோகிராமர் சொல்வது சரி" என்றார் ஹென்ரிக். "இந்த மொழியில் அதை மாற்ற முடியாது. நான் எழுதினாலும் முடியாது. புதுப் பின்களை இன்றைக்கே அனுப்பச் சொல்கிறேன்."

ஜெபகுமார் முப்பத்தொன்றாம் தேதி கையெழுத்துப் போட்டார். போர்டில் தொண்ணூற்றிரண்டு என்று எழுதும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் பின்கள் வந்தன, ஏப்ரல் பாதியில் நம்பர் தொண்ணூற்றாறுக்கு ஏறியது. பதினோரு கார்டுகளுக்கும் காரணம் 'மேஜை' என்று எழுதப்பட்டது. இசக்கிசெல்வி ஆறாம் நம்பரிலேயே ஒரு விரலால் மூடியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தசரதன் அதோடு விட்டிருக்கலாம். ஒருநாள் ஜெபகுமாரிடம் போய், அந்த இரண்டு பெண்களையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார். ஜெபகுமார் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். "பேரக் குடுங்க. நா எச்.ஆர்.ல பேசறேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

இசக்கிசெல்வியைக் கேட்டார். "எனக்கு முந்தி மாடத்தி சார். எங்க ரூம்லதான் இருந்தா. ஊருல பீடி சுத்துதா இப்பம். அட்ரஸ் இருக்கு, தாரேன்" என்றாள். "அதுக்கு முந்தி யாருன்னு தெரியாது சார்."

கான்ட்ராக்டர் மாறியிருந்தார், பழைய ஆள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தசரதனுக்கு அந்தப் பெண்ணின் முகம் மங்கலாக ஞாபகம் இருந்தது. உயரமாக இருப்பாள். அனுப்பின அன்று கேபின் வாசலில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் போனாள். பேர் வரவில்லை.

பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டி மூலையில் அடுக்கியிருந்தார்கள். ஒரு மத்தியானம் தசரதன் அதில் ஒன்றை இழுத்து, திரையைத் துடைத்து, மின்சாரம் கொடுத்தார். ஆறு வருஷம் கண்ணில் வைத்துக் காத்த ப்ரோகிராம் திறந்தது. கான்ட்ராக்ட் பெண்களுக்கு அதில் நம்பர்தான், பேர் தனிக் கோப்பில் இருக்கும். ஒருத்தி போனால் அவள் நம்பரையே அடுத்து வருகிறவளுக்குக் கொடுப்பார்கள், அந்தப் பேரின் மேல் இந்தப் பேரை எழுதிக்கொள்ளும். அப்படி எழுதவைத்ததும் அவர்தான்.

ஆறாம் மேஜைப் பெண்ணின் நம்பரான அறுநூற்றுப் பதினான்கை அடித்தார். இசக்கிசெல்வி என்று வந்தது. 2002ஆம் வருஷத்துத் தேதியைப் போட்டு மறுபடி அடித்தார். இசக்கிசெல்வி என்று வந்தது. அவள் அப்போது நாங்குநேரியில் இருந்தாள்.

இன்னும் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, தசரதன் கம்ப்யூட்டரை அணைத்தார். மாடத்திக்கு எழுத வேண்டிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் இருக்கையில் உட்கார்ந்தார். அந்த உயரமான பெண்ணுக்கென்று இன்னொரு கடிதத்தாளும் எடுத்து வைத்திருந்தார். அதை மடித்து டிராயரில் போட்டார்.